900 சதுர அடியில் மூன்று பிளான்: எதில் இடம் வீணாகாது?

"மூன்றும் 900 சதுர அடி, மூன்றிலும் இரண்டு படுக்கையறை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை எடுக்க?" மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் வீட்டுப் பிளான் கீறுகிறவர்களிடம் இப்போது அடிக்கடி வருகிற கேள்வி இது. கேட்பவர்கள் ஊரில் வளவும் கிணறுமாக வாழ்கிறவர்கள். வாங்கப்போவது வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு தொடர்மாடி வீடு. மகனுக்குக் கொழும்பில் கம்பஸ் கிடைத்திருக்கும். அல்லது மகளுக்கு அங்கே வேலை, கல்யாணமும் பேசியாகிவிட்டது. சீதன வீட்டை ஊரில் கட்டிப் பூட்டி வைப்பதைவிட அங்கேயே ஒன்றை வாங்கிவிடலாம் என்று யோசிப்பார்கள். வட்சப்பில் மூன்று படம் வரும். கூடவே "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தம்பி".

ஊர் வீட்டில் அறை சிறுத்துப்போனால் விறாந்தை கைகொடுக்கும். அதுவும் போதாவிட்டால் மாமரத்தடியில் நாலு கதிரை போடலாம். தொடர்மாடியில் கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரரின் கதவு. அதனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு அடியும் என்ன வேலைக்கு ஆகிறது என்று பார்த்துத்தான் காசைக் கொடுக்கவேண்டும்.

## முதலில், எந்த 900?

30 அடிக்கு 30 அடி என்று ஒரு வீட்டை எடுங்கள். வெளிச்சுவர் அரை அடித் தடிப்பு என்றால் சுவர் மட்டுமே 59 சதுர அடி. உள்ளே அறைகளைப் பிரிக்கிற சுவர்கள் எல்லாம் சேர்த்து 70 அடி நீளம், 5 அங்குலத் தடிப்பு என்று வைத்தால் இன்னொரு 29. ஆக, கால் வைக்கிற தரை 812தான். அதற்குள் பல்கனியும் அடங்குமா, லிஃப்ட், படிக்கட்டு, பொது நடைவழியில் உங்கள் பங்கையும் 900க்குள் சேர்த்துவிட்டார்களா என்பது விற்பவரைப் பொறுத்தது. ஒருவரின் 900ம் இன்னொருவரின் 900ம் உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றாக இருக்காது.

கட்டி முடித்த வீடு என்றால் பதிவான கொண்டோமினியம் பிளானைக் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்கீழ் பதிகிற அந்தப் படத்தில் வீட்டின் அளவை நில அளவையாளர் அளந்து போட்டிருப்பார். கட்டிக்கொண்டிருக்கிற வீடு என்றால், சுவருக்குச் சுவர் உள்ளளவு எழுதிய பிளானைக் கேளுங்கள். கட்டிலும் சோபாவும் அழகாக வரைந்த வண்ணப் படத்தை வைத்து முடிவெடுக்கவேண்டாம். அதில் கட்டிலைக் கொஞ்சம் சிறிதாக வரைந்தாலே அறை பெரிதாகத் தெரியும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நடக்கிற இடம். பிளானில் வாசல் கதவிலிருந்து ஒவ்வொரு அறைக் கதவுக்கும் பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்றடி அகலம் கொடுங்கள். அந்தப் பட்டைக்குள் ஒரு கதிரைகூட வைக்கமுடியாது. இரு பக்கமும் சுவர் இருந்தால் எல்லோரும் அதை வீண் இடம் என்பார்கள். சுவர் இல்லாமல் ஹோலுக்கு நடுவே போனால் அதே பட்டையை ஹோல் என்று சொல்லி விற்றுவிடுவார்கள். இரண்டையும் ஒரே மாதிரித்தான் எண்ணவேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

உடையாத சுவர். சாமான் வைப்பது சுவரோடு. ஒரு சுவரில் இரண்டு கதவு வந்தால் அந்தச் சுவர் போயிற்று. மூன்று பேர் இருக்கிற சோபாவுக்கு ஏழடி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக்கு ஐந்தடி, இரு பக்கமும் இறங்க இரண்டிரண்டு அடி, ஆக ஒன்பது.

இதில் அரை அடி செய்கிற வேலையைப் பாருங்கள். 10 அடிக்கு 11 அடி அறை 110 சதுர அடி. பத்தரைக்குப் பத்தரையும் 110தான். முதல் அறையில் ஆறரை அடிக் கட்டில், எதிரே இரண்டடி ஆழமான அலுமாரி, நடுவில் இரண்டரை அடி மிச்சம். ஒன்றரை அடி அலுமாரிக் கதவைத் திறந்துகொண்டு ஆள் நிற்கலாம். இரண்டாவதில் இரண்டடிதான் மிச்சம். அலுமாரியைத் திறக்கக் கட்டிலில் ஏறி உட்காரவேண்டும். படத்தில் இரண்டும் ஒரே அளவு, ஒரே விலை. சதுரமான அறையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கதவு வீசுகிற இடம். மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூட ஏறக்குறைய ஏழு சதுர அடியை விழுங்கும். இரண்டு கதவு ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி வந்தால் தினமும் எரிச்சல்.

காற்றும் வெயிலும். நமக்குக் கடல் கிழக்கே. கல்லடியிலோ காரைதீவிலோ கடலைப் பார்த்த விறாந்தை என்றால் காலை வெயில், பின்னேரம் நிழல். கொழும்பில் கடல் மேற்கே. "கடல் பார்த்த பல்கனி" என்று ஆசைப்பட்டு வாங்கினால் பின்னேரம் மூன்று மணி வெயில் நேரே ஹோலுக்குள் விழும். இங்கே கச்சான் காற்று வீசி வளவு காய்ந்து கிடக்கிற மே, ஜூன் மாதங்களில்தான் அங்கே தென்மேல் பருவமழை கடல் பக்கமிருந்து அடிக்கும். பல்கனியில் துணி காயப்போட முடியாது. உப்புக்காற்றில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். கரையோர ரயில் பாதையின் சத்தமும் உண்டு. கடலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேற்கே பார்த்த பக்கம் ஹோல் வருகிறதா, படுக்கையறை வருகிறதா, குசினி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முகமானாலும் யன்னல் இரண்டு பக்கம் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும்.

இரவில் எத்தனை பாய்? கொழும்பில் நமக்கு வீடு இருந்தால் அது சொந்தக்காரர் எல்லோருக்கும் வீடு. ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரியப்பா, விசாவுக்கு வருகிற மச்சான், இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை கதவைத் தட்டுகிற மாமி. எல்லோரும் படுப்பது ஹோலில். பாய் விரித்த பிறகு உள்ளே இருக்கிறவர் யாரையும் தாண்டாமல் பாத்ரூமுக்குப் போகமுடியுமா? விளம்பரத் தாளில் இதற்குப் பதில் இருக்காது, பிளானில் இருக்கும்.

மறைவு. வாசலில் சாமான் கொண்டுவந்து தருகிற பொடியன் நிற்கும்போது குசினியும் படுக்கையறையும் தெரிகிறதா? காத்தான்குடி, சாய்ந்தமருதுக் குடும்பங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். மற்றவர்களும் பார்ப்பது நல்லது.

தண்ணீர்ப் பக்கம். குசினியும் பாத்ரூமும் முதுகோடு முதுகாக இருந்தால் குழாய் குறைவு, ஒழுக்கும் குறைவு. அவ்வளவுதான்.

## பிளான் 1: நீள நடைவழி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் காணிகள் பல ஒடுங்கி நீண்டவை. கட்டடமும் அப்படியே நீளும், வீடும் நீளும். வாசலைத் திறந்ததும் ஒரு நடைவழி, அதன் இரு பக்கமும் அறைகள், கடைசியில் ஹோலும் பல்கனியும்.

மூன்றரை அடி அகலம், 24 அடி நீளம் என்றால் நடைவழி மட்டும் 84 சதுர அடி. சதுர அடி 40,000 ரூபா என்று கணக்குக்கு வைத்தால் 33 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா நடப்பதற்கு மட்டும். பல கட்டடங்களில் மாதப் பராமரிப்புக் கட்டணமும் சதுர அடிக்குத்தான் போடுகிறார்கள். ஆகவே வாங்கின பிறகும் அந்த 84க்குக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

இதைக் கேட்டதும் எல்லோரும் இந்தப் பிளானை ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அறைக் கதவு எல்லாம் நடைவழியில் திறப்பதால் ஹோலுக்கு வாசல் இரண்டுதான்: உள்ளே வர ஒன்று, பல்கனிக்கு ஒன்று. 12க்கு 15 ஹோல் முழுதாகக் கைக்குக் கிடைக்கிறது. சோபா, டிவி, சாப்பாட்டு மேசை வைத்த பிறகும் இரவில் நாலு பாய் விரிக்கலாம். ஹோலில் படுக்கிறவர்களை யாரும் தாண்டிப்போகத் தேவையில்லை. டியூஷன் பிள்ளை ஹோலில் விளக்குப் போட்டுப் படித்தாலும் அறைக்குள் இருப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

தொந்தரவு வேறு இடத்தில். நடு அறைக்கு வெளிச்சம் பெரும்பாலும் காற்றுக்கிணற்றிலிருந்துதான், அதாவது கட்டடத்துக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை திறந்து விட்ட இடைவெளியிலிருந்துதான் வரும். மேல்மாடியில் சமாளிக்கலாம். இரண்டாம் மாடியில் பகலிலேயே விளக்கு எரியும், கீழ்வீட்டுப் பொரியல் வாசமும் அந்த வழியாகத்தான் ஏறும். இன்னொன்று, ஊரிலிருந்து லொறியில் அம்மாவின் தேக்கு அலுமாரியைக் கொண்டுவர நினைத்தால் மறந்துவிடுங்கள். நாலடி அகலமான அலுமாரியை மூன்றரை அடி நடைவழியில் திருப்பி அறைக்குள் நுழைப்பது படாதபாடு. கழற்றிப் பூட்டுகிற சாமான்தான் இந்த வீட்டுக்குச் சரி.

நடைவழி நாலரை அடி அகலம் என்றால் கதை மாறும். ஒரு பக்கம் ஓரடி ஆழத்துக்குக் கூரைவரை தட்டு அடித்துவிடலாம். ஊரிலிருந்து வருகிற அரிசி, பிள்ளைகளின் புத்தகம், விரிப்பு, தலையணை எல்லாம் அதற்குள் போய்விடும், நடக்க மூன்றரை அடி மிச்சம். மூன்றரை அடியை வீண் என்கிறேன், நாலரை அடியை நல்ல இடம் என்கிறேன். கேட்க முரணாக இருக்கும், ஆனால் உண்மை.

## பிளான் 2: நடு ஹோல்

விற்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த பிளான். "நடைவழியே இல்லை, ஓர் அடிகூட வீண் இல்லை" என்பார்கள். வாசலைத் திறந்தால் 14க்கு 16 ஹோல், 224 சதுர அடி. பார்க்கப் பெரிதாக, வெளிச்சமாக இருக்கும். எல்லா அறைக் கதவும் ஹோலில்.

பென்சிலை எடுங்கள். வாசலிலிருந்து தூர அறைக்கு 13 அடி. அதிலிருந்து பிரிந்து குசினிக்கு ஒன்பது. மறுபக்கம் இரண்டாவது அறைக்கும் பாத்ரூமுக்கும் ஏழு. மூன்றடி அகலத்தில் 39, 27, 21. மொத்தம் 87 சதுர அடி. முதல் பிளானின் நடைவழியைவிட மூன்று சதுர அடி கூட! சுவர் இல்லாததால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைவிட மோசம், அந்த 87 ஹோலை மூன்று துண்டாக வெட்டிவிடுகிறது. சுவரைப் பாருங்கள். சுற்றளவு 60 அடி. வாசல் மூன்றரை, பல்கனிக் கதவு ஆறு, இரண்டு படுக்கையறைக்கும் குசினிக்கும் மும்மூன்று, பாத்ரூமுக்கு இரண்டரை: 21 அடி திறப்பு. மிச்சம் 39 என்றாலும் அது துண்டு துண்டாகக் கிடக்கும். சோபாவுக்கு ஏழடிச் சுவர் ஒன்று கிடைத்தால், டிவி அதற்கு எதிரே வராது. எதிரே வந்தால் இடையில் ஆள் நடமாட்டம். பாத்ரூம் கதவு சாப்பாட்டு மேசைக்கு நேரே திறக்கிற பிளான்களும் உண்டு. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இந்தப் பிளானோடு பெரும்பாலும் திறந்த குசினி வரும். மீன் பொரித்தால், கருவாடு சுட்டால் வாசம் திரைச்சீலையிலும் சோபாவிலும் ஏறி உட்காரும். நம் சமையலுக்கு மூடுகிற கதவும் வெளியே திறக்கிற யன்னலும் வேண்டும். பிறகு கண்ணாடித் தடுப்புப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஏ.சி. போடுவதும் அப்படித்தான்: ஆறு திறப்புள்ள ஹோலைக் குளிராக்க எவ்வளவு ஆகிறது என்று மாதாமாதம் மின்சார பில் சொல்லும்.

அப்புறம் யாருக்கு இது சரி? புதிதாகக் கல்யாணம் செய்த இருவருக்கு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, ஏனென்றால் குசினியில் நின்றுகொண்டே ஹோல் முழுவதையும் பார்க்கலாம். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ நடக்கிற பெரியவர் இருந்தால் இதுதான் மூன்றிலும் நல்லது, ஒடுக்கமான திருப்பம் கிடையாது. வாடகைக்கு விடவே வாங்குகிறீர்கள் என்றாலும் இதை எடுக்கலாம். பார்க்க வருகிறவர் முதல் நிமிடத்திலேயே மயங்கிவிடுவார்.

## பிளான் 3: இருபக்க அறைகள்

நடுவில் ஹோல், இடப்பக்கம் ஒரு படுக்கையறையும் பாத்ரூமும், வலப்பக்கம் அதேபோல் இன்னொன்று. குசினி வாசலுக்குப் பக்கத்தில். நல்ல பிளானில் அறைக் கதவு நேரே ஹோலில் திறக்காது. நாலடி நீளத்தில் ஒரு சின்ன இடைவழி இருக்கும்.

கணக்கு இப்படி. ஹோல் 13க்கு 16. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஹோலின் விளிம்போடு 16 அடி, 48 சதுர அடி. மூன்றரை அடி அகலத்தில் இரண்டு இடைவழி, தலா 14. மொத்தம் 76. முதல் பிளானைவிட எட்டும் இரண்டாவதைவிடப் பதினொன்றும்தான் குறைவு. ஆனால் மிச்ச ஹோல் 10க்கு 16 என்று ஒரே துண்டாகக் கிடைக்கிறது. இதற்காகத்தான் இந்தப் பிளானுக்கு மதிப்பு. கோடு விளிம்போடு போகாமல் குறுக்கே போனால் இந்த நன்மை போய்விடும், பிளான் 2 மாதிரித்தான் ஆகும். ஆகவே கதவுகள் எந்த மூலையில் என்று கட்டாயம் பாருங்கள்.

நம் ஊர் வழக்கத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. மட்டக்களப்பில் மருமகன் மகள் வீட்டுக்கு வருவதுதான் முறை. கொழும்பு வீட்டிலும் அப்பா அம்மா மாதத்தில் பாதி நாள் வந்து நிற்பார்கள். இளம் தம்பதி ஒரு பக்கம், பெரியவர்கள் மறுபக்கம், நடுவில் ஹோல். ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கட்டில் போட்டுக்கொண்டு மூச்சுச் சத்தத்தை அடக்கவேண்டியதில்லை. ஒரு அறையை வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுக்கவும் வசதி.

செலவு? இரண்டு பாத்ரூம் இரண்டு மூலையில் என்பதால் குழாய் வழியும் இரண்டு. ஒழுக்கு வந்தால் தேடவேண்டிய இடமும் இரண்டு. ஏ.சி. வெளிப்பெட்டியும் இரு பக்கம். அகலமான முகப்பு வேண்டும் என்பதால் கட்டடத்தின் மூலை வீடுகளில்தான் இது அதிகம் வரும், அவற்றுக்கு விலை கூட்டிக் கேட்பார்கள். இரு பக்கமும் வெளிச்சுவர் என்றால் காற்று நன்றாக வரும், வெயிலும் நன்றாக வரும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தாய்க்கு இரவில் ஹோலைக் கடந்து ஓடவேண்டியிருக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பல்கனிக்குப் போகிற வழியை மூன்றிலும் கணக்கில் எடுக்கவில்லை. அளவுகள் மேலே சொன்ன மாதிரிப் பிளான்களுக்கு உரியவை.

| | நீள நடைவழி | நடு ஹோல் | இருபக்க அறை |
|---|---|---|---|
| நடக்கிற இடம் | 84 ச.அடி | 87 ச.அடி | 76 ச.அடி |
| ஹோல் | 12 × 15, முழுதாக | 14 × 16, துண்டாக | 13 × 16, அதில் 10 × 16 முழுதாக |
| உடையாத சுவர் | நிறைய | குறைவு | போதுமானது |
| காற்று, வெளிச்சம் | நடு அறை இருட்டு | ஹோல் நல்லது | நல்லது, வெயிலும் கூட |
| விருந்தினர் படுக்க | மிக வசதி | சிரமம் | வசதி |
| வாசலிலிருந்து மறைவு | நல்லது | குறைவு | இடைவழி இருந்தால் நல்லது |
| மறைந்திருக்கும் செலவு | பகல் விளக்கு, புதுச் சாமான் | குசினித் தடுப்பு, ஏ.சி. பில் | மூலை வீட்டு விலை, இரட்டைக் குழாய் |

## நான் என்றால்

மகளுக்குக் கொடுக்கிற வீடு, பெரியவர்களும் வந்து நிற்பார்கள் என்றால் மூன்றாவது. மூலை வீட்டுக்குக் கேட்கிற கூடுதல் காசு கையைக் கடித்தால் முதலாவது, நடு அறை யன்னல் காற்றுக்கிணற்றை நம்பியிராமல் இருந்தால் மட்டும். படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், ஊர்ச் சனம் அடிக்கடி வந்து போகும் என்றால் யோசிக்காமல் முதலாவது. நடு ஹோலை, விலை உண்மையிலேயே குறைவாக இருந்தாலோ வீட்டில் நடக்கச் சிரமப்படுகிறவர் இருந்தாலோதான் எடுப்பேன்.

"வாங்கிவிட்டு ஒரு சுவரை உடைத்தால் சரியாகாதா?" என்றும் கேட்கிறார்கள். செங்கல் தடுப்புச் சுவர் என்றால் ஏதாவது செய்யலாம். தூணும் பீமும் வெளிச்சுவரும் உங்களுடையவை இல்லை, எல்லோருக்கும் பொது. அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது. ஆகவே உடைத்துத் திருத்தலாம் என்ற நினைப்பில் பிடிக்காத பிளானை வாங்கவேண்டாம்.

முற்பணம் கொடுக்கமுன் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கொழும்புக்காரருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது, வளவு. அத்திவாரத்துக்கு மேசன் நூல் கட்டுகிற மாதிரி, பிளானில் உள்ள உள்ளளவுக்கு நாலு மூலையிலும் கட்டை அடித்து நூல் கட்டுங்கள். அறைகளையும் நூலால் பிரியுங்கள். கதவு வருகிற இடத்தில் இரண்டு கல் வையுங்கள். வீட்டிலிருக்கிற கட்டில், மேசை அளவுக்குப் பழைய பாயையோ மட்டையையோ போடுங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உள்ளே நடக்கச் சொல்லுங்கள்: ஒருவர் குசினியிலிருந்து சாப்பாட்டுத் தட்டோடு, ஒருவர் பாத்ரூமுக்கு, ஒருவர் வாசலைத் திறக்க. யார் யாரோடு முட்டுகிறார், எந்த இடத்தில் நூலை மிதிக்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்போடு விற்பவரிடம் போங்கள். கட்டிக்கொண்டிருக்கிற கட்டடம் என்றால், பூச்சு வேலைக்கு முன் ஒரு கதவை மூலைக்கு நகர்த்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். சிலர் செய்துகொடுக்கிறார்கள்.